பலகை என்ன பாவம் செய்தது?

கேள்வி: அமெரிக்காவில் சாலையோரமெல்லாம் வரலாற்றுப் பலகை நட்டு வைத்திருக்கிறார்களாமே, அதைப் படித்து ஒரு ஊரைத் தெரிந்துகொள்ள முடியுமா? (மதுரை வாசகர்)

பதில்: தாராளமாக. மிசிசிப்பி மாநிலத்து டலஹாச்சி கவுண்டிக்குப் போய்ப் பாருங்கள். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. பருத்தி விளைகிற பூமி. ஒரு பலகை இசையைப் பற்றிப் பேசும், இன்னொன்று கொலையைப் பற்றி. இரண்டையும் படித்தால்தான் அந்த ஊர் பிடிபடும்.

கேள்வி: இசையை முதலில் சொல்லிவிடுங்கள். (தஞ்சை வாசகி)

பதில்: டட்வைலர் என்ற ஊரின் ரயில் நிலையம், 1903 வாக்கில் ஒரு நாள். இசைக்குழுத் தலைவர் டபிள்யூ. சி. ஹேண்டி, தாமதமான ரயிலுக்குக் காத்திருக்கிறார். அருகே ஒரு கறுப்பினத்தவர் கிடார் தந்திகளில் கத்தியை அழுத்தி இழுத்தபடி பாடுகிறார். அப்படியொரு ஒலியை ஹேண்டி அதற்குமுன் கேட்டதே இல்லை. பிற்பாடு, ப்ளூஸ் எனப்படும் அவ்வகைப் பாடல்களை அச்சேற்றி உலகறியச் செய்தவர் அவர்தான். இன்று அந்த ஊரில் இதற்கொரு பலகை இருக்கிறது. பாடியவர் பெயர்தான் யாருக்கும் தெரியாது. ரயில் மட்டும் நேரத்துக்கு வந்திருந்தால் அவரையே யாருக்கும் தெரிந்திருக்காது!

கேள்வி: கொலை? (திருச்சி வாசகர்)

பதில்: எம்மெட் டில். சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவன். பக்கத்து லெஃப்ளோர் கவுண்டியில் ஒரு மளிகைக் கடையில் வெள்ளைக்காரப் பெண்ணிடம் வரம்பு மீறினான் என்று பழி சுமத்தி, 1955 ஆகஸ்ட் 28 அதிகாலையில் அவனைத் தூக்கிச் சென்றார்கள். மூன்று நாள் கழித்து டலஹாச்சி ஆற்றில் உடல் கிடைத்தது. கழுத்தில் ஜின்னிங் மில்லின் கனத்த விசிறி, முள்கம்பியால் கட்டியிருந்தது. தாய் மேமி சவப்பெட்டியைத் திறந்தே வைத்து, மகனின் முகத்தை நாட்டுக்குக் காட்டினார்.

வழக்கு டலஹாச்சி கவுண்டியில் சம்னர் என்ற ஊரின் நீதிமன்றத்தில் நடந்தது. வெள்ளைக்கார ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பேசி, குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பேரையும் விடுவித்தது. சில மாதங்களில் அதே இருவர் பணம் வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகையிடம் கொலையை ஒப்புக்கொண்டார்கள். விடுதலையானவர்களை அதே குற்றத்துக்கு மறுபடி நிறுத்தச் சட்டம் இடம் தரவில்லை. நீதிமன்ற வாசலில் உள்ள பலகை, இருவரின் விடுதலையையும் வாக்குமூலத்தையும் அடுத்தடுத்த வாக்கியங்களில் சொல்கிறது. அதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

கேள்வி: அந்தப் பலகையை எப்போது வைத்தார்கள்? (சேலம் வாசகர்)

பதில்: 2007-இல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த காலம் 52 ஆண்டு! அந்த அக்டோபர் 2-ஆம் தேதி, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த உள்ளூர்க் குழு, டில் குடும்பத்தாரிடம் நீதிமன்றத்தின் முன்னால் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது. மேமி 2003-இலேயே காலமாகிவிட்டார்.

கேள்வி: ஆற்றங்கரைப் பலகையைச் சுட்டார்களாமே! பலகை என்ன பாவம் செய்தது? (நெல்லை வாசகி)

பதில்: உண்மையைச் சொன்னது. டலஹாச்சி ஆற்றங்கரையில் உள்ள கிராபால் லேண்டிங்கில், எம்மெட்டின் நினைவாக 2008-இல் நட்ட முதல் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இரண்டாவதில் 317 குண்டுத் துளைகள். மூன்றாவதை 2018-இல் நட்டார்கள். 35 நாளில் சுட்டார்கள். 2019 அக்டோபரில் நான்காவது வந்தது. எடை 500 பவுண்டு, ஏறக்குறைய 225 கிலோ. குண்டு துளைக்காத எஃகு.

கேள்வி: துளைத்த பலகையை அப்படியே விட்டிருக்கலாமே, அதுவும் வரலாறுதானே? (கோவை வாசகர்)

பதில்: வரலாறுதான். அதனால்தான் 317 துளைகளோடு அதை 2021-இல் வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். ஆற்றங்கரையில் அதையே விட்டிருந்தால், வருகிறவர் துளைகளை எண்ணிவிட்டு, சுட்டவனைப் பற்றிப் பேசிக்கொண்டே போயிருப்பார். அங்கே படிக்க வேண்டியது சிறுவனின் பெயர். அது தெளிவாகத் தெரிய வேண்டும்.

கேள்வி: இத்தனை பாடுபட்டு என்ன பலன்? (சென்னை வாசகி)

பதில்: எம்மெட் உயிரோடிருந்தால் 82 வயது நிறைந்திருக்கும் நாள், 2023 ஜூலை 25. அன்று கிராபால் லேண்டிங், சம்னர் நீதிமன்றம், அவன் இறுதிச் சடங்கு நடந்த சிகாகோ தேவாலயம் மூன்றையும் சேர்த்து, தாய், மகன் இருவர் பெயரிலும் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே உள்ளூர்க்காரர்கள் தொடங்கிவிட்டார்கள். பெருமையை எழுதி வைக்க எந்த ஊரும் தயார். தன் குற்றத்தைத் தன் வாசலில் எழுதி, சுடச் சுடத் திரும்ப நடுவதற்குத்தான் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் உள்ள ஊரின் வரலாற்றை நம்பிப் படிக்கலாம்.