அந்தரத்தில் ஒரு கண்

பருந்து சில நேரம் ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கிறதே, வழி மறந்துவிட்டதோ?

மறந்தால் யாரிடம் கேட்கும், கீழே இருக்கும் எலியிடமா?

வயல்வெளியில் அப்படி நிற்பது பெரும்பாலும் கருந்தோள் பருந்து. வெளிர்சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, தோளில் கரும்பட்டை, ரத்தச் சிவப்பில் கண். சிறகடித்தபடி ஓரிடத்தில் நிற்கும், காலைத் தொங்கவிட்டுக் கொஞ்சம் இறங்கும், மறுபடி நிற்கும். கடைசியில் இரு சிறகையும் மேலே தூக்கிக்கொண்டு புல்லுக்குள் இறங்கும். எலி, ஓணான், வெட்டுக்கிளி எதுவானாலும் சரி, விலைவாசி பார்ப்பதில்லை.

இதே போல அந்தரத்தில் நிற்கும் இன்னொரு பறவையான வல்லூறு, எதிர்க்காற்று அடித்தால் என்ன செய்யும்?

நன்றி சொல்லும்! காற்றின் வேகத்துக்கு ஈடாக எதிர்த்துப் பறந்தால் நின்ற இடத்திலேயே நிற்கலாம். காற்று வாகாக இருந்தால் சிறகடிக்கக்கூட வேண்டாம். ஆஸ்திரேலிய வல்லூறு இரண்டைக் காற்றுச் சுரங்கத்தில் பறக்கவிட்டு, மெல்போர்ன் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தார்கள். 2024-ல் வெளியான முடிவு: சிறகும் வாலும் ஓயாமல் நெளிய, தலை அசைந்தது 5 மில்லிமீட்டருக்கும் குறைவு. செல்ஃபி எடுப்பவர்கள் பொறாமைப்படலாம்.

அவ்வளவு உயரத்திலிருந்து எலி எப்படித் தெரிகிறது?

எலி தெரிய வேண்டியதில்லை, அதன் மூத்திரம் போதும் என்றது 1995-ல் வந்த ஃபின்லாந்து ஆய்வு. குட்டைவால் வயல் எலியின் சிறுநீர்த் தடம் வல்லூற்றின் கண்ணுக்குப் புறஊதா ஒளியில் புலப்படுமாம். 2013-ல் வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். வழக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது, எலிக்குத்தான் வாய்தா கிடைப்பதில்லை.