கடியாரத்தக் கேட்டுத் தூங்குற பேராண்டிக்கு

டேய் பேராண்டி, இப்படி வந்து குந்து. அந்தப் போனைக் கவுத்து வை. கவுத்து வச்சாலும் உறுமுது பாரு. ஒங்க பாட்டி உயிரோட இருந்தப்பகூட என்னை இத்தினி தடவை கூப்பிட்டதில்ல.

ஒங்கப்பன் என்னைப் பாகூர்லேர்ந்து இந்தப் புதுச்சேரி சாரத்துக்குக் கூட்டியாந்து மாடியில வச்சதுலேர்ந்து ஒன்னைத்தான் கவனிச்சுக்கிணு வர்றேன். வேற இன்னா வேல எனக்கு? காலையில எழுந்ததும் கையில கட்டுன கடியாரத்தப் பார்த்து, "ராத்திரி சரியாத் தூங்கலையாம் தாத்தா"ன்றே. தூங்குனவன் நீ, சாட்சி சொல்றது கடியாரமா? நல்லாத் தூங்குனேன்னு அது சொல்லிட்டா, கொட்டாவி வுட்டுக்கிணே சந்தோஷப்படுறே.

தூக்கம் வரலன்னு காதுல மழைச் சத்தம் வச்சுக் கேக்குறே. அதுக்கு மாசாமாசம் காசு வேற கட்டுறியாம். தவளச் சத்தம் வேணும்னா தனியாக் கட்டணுமாம். பாகூர் ஏரிக்கரையில தவள ஓசியிலதான் கத்துச்சு, "வாய மூடு சனியனே"ன்னு கல்லெடுத்து அடிச்சோம். சரி, 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் வந்து ஒரே நாள்ல அம்பது சென்டிமீட்டருக்குக் கிட்ட அசல் மழையே கொட்டுச்சே, அன்னிக்காவது தூங்குனியா? வண்டிக்குள்ள தண்ணி பூந்துடுச்சு, வைஃபை போச்சுன்னு விடிய விடிய வானத்தைத் திட்டுனே.

இன்னாடா ஒனக்குன்னு கேட்டா ஸ்ட்ரெஸ்ன்றே. ஒங்கம்மாவுக்கும் ஸ்ட்ரெஸ்ஸாம், கீழ்வீட்டு டீச்சரம்மாவுக்கும் ஸ்ட்ரெஸ்ஸாம். வெள்ளிக்கிழம சாயந்திரம் ஆனா மெட்ராஸ்காரனும் பெங்களூர்காரனும் இந்த ஸ்ட்ரெஸ்ஸை எறக்கி வைக்கத்தான் நம்ம ஊருக்கு வர்றான். அவன் நிம்மதி தேடி ஈசிஆர்லேர்ந்து உள்ள நுழையுற கொக்கு பார்க் சிக்னல்லதான் ஒன் நிம்மதி போவுது. அவன் பாட்டுக்குக் கடற்கரைச் சாலையில சாயந்திரம் வண்டி வுடாத நேரமாப் பார்த்து ஜாலியா நடந்து, போட்டோ புடிச்சுக்கிணு ஊருக்குப் போயிடுறான். வண்டியில போனா பத்து நிமிஷம், நீ அந்தக் கடலைப் பார்த்து எத்தினி மாசமாச்சு? கேட்டா, கடல் பார்க்க டிசம்பர்ல கோவா போறேன் தாத்தான்றே.

ராத்திரி 11 மணிக்கு மேல மாடி ரூம்ல லைட்டு எரியுது. எட்டிப் பார்த்தா, மேல இஸ்திரி போட்ட சட்டை, கீழ லுங்கி. பொட்டி முன்னாடி குந்திக்கிணு "யெஸ், யெஸ்"ன்றே. அமெரிக்காவுல அப்பதான் மத்தியானமாம். அவன் மத்தியானத்துக்கு நீ இங்க ஏன்டா முழிச்சிருக்கணும்? 2023ல கம்ப்யூட்டர் கம்பெனி நாராயணமூர்த்தி, எளவட்டப் பசங்க வாரத்துக்கு 70 மணி நேரம் வேல செய்யணும்னாரு. 2025ல எல் அண்ட் டி கம்பெனித் தலைவரு 90ன்னாரு, வீட்ல இருந்தா பொண்டாட்டி மூஞ்சியை எவ்ளோ நேரம்தான் பார்த்துக்கிணு இருப்பேன்னும் கேட்டாரு. பெரிய மனுசங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஏர்ல பூட்டுன மாட்டைக்கூட உச்சி வெயில் ஏறிட்டா அவுத்து வுடுவோம். அவுக்க மறந்தா அது பாட்டுக்குப் படுத்துக்கும். நீ படிச்சவன், படுக்கமாட்டே.

கடலூர் ரோட்டுப் பக்கம் போனா சுதேசி மில்லை நின்னு பார்த்திருக்கியா? பிரெஞ்சுக்காரன் காலத்துல அதுக்குப் பேரு சவானா மில்லு. வ.சுப்பையா தலைமையில மில்லுத் தொழிலாளிங்க எட்டு மணி நேர வேலதான் செய்வோம்னு கேட்டுப் போராடுனாங்க. 1936 ஜூலை 30 அன்னிக்குப் பிரெஞ்சு போலீஸ் சுட்டுச்சு. 12 பேரு செத்தாங்க. அடுத்த வருசமே, 1937 ஏப்ரல்ல, பிரெஞ்சுக்காரன் எட்டு மணி நேரத்தைச் சட்டமாக்கிட்டான். ஆசியாவுலயே மொதல்ல நமக்குத்தான் கெடச்சுதுன்னு இன்னிக்கும் ஊர்ல மார் தட்டுறோம். ஜூலை 30 வந்தா மாலை போடுறோம். மில்லுங்கதான் மூடிக் கெடக்குது. 12 உசுரைக் கொடுத்து வாங்குன எட்டு மணியை நீ ஒரு மீட்டிங் லிங்க்குக்குக் கொடுத்துட்டு வந்துட்டே. ஒம்மேல எவனும் துப்பாக்கிகூட நீட்டல.

உலக சுகாதார நிறுவனமே 2021ல கணக்குப் போட்டுச் சொல்லிடுச்சு. வாரத்துக்கு 55 மணி நேரத்துக்கு மேல ஒழைக்கிறவனுக்குப் பக்கவாதம் வர்ற வாய்ப்பு, 35-40 மணி நேரம் ஒழைக்கிறவனைவிட 35 சதவீதம் அதிகமாம். நீ என்னடான்னா மூச்சுப் பயிற்சி கத்துக்கிறேன்றே, அதையும் மீட்டிங்குக்கும் மீட்டிங்குக்கும் நடுவுல.

அதுக்காக, எங்க காலத்துல மனசுக்கு நோவெல்லாம் ஏதுடான்னு சொல்ற கெழவனுங்க பேச்சை நம்பிடாதே. எல்லாம் இருந்துச்சு. காத்து கருப்புன்னு சொல்லி வேப்பெலை அடிச்சோம், அடங்கலைன்னா சங்கிலி போட்டோம். 2001 ஆகஸ்ட்ல ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில, மனநலக் காப்பகம்னு சொல்லிக்கிணு ஒருத்தர் நடத்துன கொட்டாய் தீப்புடிச்சு எரிஞ்சுது. கட்டிப்போட்டிருந்த 28 பேரு ஓட முடியாம செத்தாங்க. 2017 மனநலச் சட்டத்துலதான் யாரையும் சங்கிலியில கட்டக் கூடாதுன்னு எழுதி வச்சான். அடங்கி இருந்தவன் இன்னா பண்ணான்? சாராயக் கடைக்குப் போனான். நம்ம ஊர்ல அது இன்னிக்கும் லைசென்ஸோட நடக்குது. அங்க போய்க் குணமாகி வந்தவனை நான் பார்த்ததில்ல, மறுநாளும் போனவனைத்தான் பார்த்திருக்கேன். நீயும் சனிக்கிழமயானா பாக்கெட்ல எதையோ ஒளிச்சுக்கிணு மாடியேறுறே. எனக்குக் கண்ணுதான் மங்கல், மூக்கு நல்லாத்தான் இருக்குது.

கடைக்குப் போறதைவிடக் குந்திப் பேசுறது மேலுடா. ஜிம்பாப்வேன்னு ஒரு நாடு. அங்க மனநல டாக்டருங்களை வெரல் வுட்டு எண்ணிடலாம். அதனால 2006ல டிக்சன் சிபாண்டான்ற டாக்டரு 14 கெழவிங்களுக்குப் பழக்கிக் கொடுத்து, ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு மரபெஞ்சைப் போட்டுக் குந்த வச்சாராம். மனசு கனத்து வர்றவங்க பக்கத்துல குந்திப் பேசுவாங்க, கெழவி காது கொடுத்துக் கேட்டு, மொதல்ல எந்தச் சிக்கலை அவுக்கலாம்னு கூடவே யோசிப்பா. 2016ல ஆராய்ச்சி பண்ணிப் பார்த்துட்டு, நல்லாவே பலன் இருக்குதுன்னு பெரிய மருத்துவப் பத்திரிகையில போட்டாங்க. டீச்சரம்மாதான் படிச்சுச் சொன்னாங்க. கெழவனுங்களை ஏன் கூப்பிடலன்னு நான் கேக்கமாட்டேன். வந்து அரைமணியாக் குந்தியிருக்கே, ஒன்னை ஒரு வார்த்த பேச வுட்டேனா?

இப்ப நையாண்டி இல்ல, கேளு. வேல அலுப்புன்னா கடற்கரைக்குப் போ, பொண்டாட்டிகிட்ட பேசு, ராத்திரி மீட்டிங்குக்கு முடியாதுன்னு ஒரு தடவை சொல்லிப் பாரு. ஆனா வாரக்கணக்காத் தூக்கமில்ல, சோறு எறங்கல, புள்ள வந்து மடியில விழுந்தாலும் மனசு ஒட்டலன்னா அது அலுப்பு இல்ல. நாம இல்லாட்டி இன்னான்னு ஒரு நெனப்பு எட்டிப் பார்த்தாலும் அன்னிக்கே சொல்லிடணும். ராத்திரி ரெண்டு மணின்னாலும் என்னை எழுப்பு, நான் எப்படியும் முழிச்சுத்தான் இருப்பேன். இல்லன்னா 14416 போடு. மனசு கஷ்டத்தைச் சொல்ற நம்பர் அது, 2022 அக்டோபர்லேர்ந்து சர்க்காரு நடத்துறது, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். நம்ம ஊருக் கணக்கு நல்லால்லடா. அதே 2022ல நாடு பூராவும் லட்சம் பேருக்கு 12 பேரு உசுரை மாய்ச்சுக்கிணாங்கன்னா, புதுச்சேரியில கிட்டத்தட்ட 30 பேரு.

எனக்கு முட்டி வலிச்சா அன்னிக்கே கோரிமேட்டு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிணு ஓடுறே. விழுப்புரம், கடலூர்லேர்ந்தெல்லாம் விடியக்காலம் பஸ் புடிச்சு வந்து அங்க வரிசையில நிக்குறான். அங்க எதிர்வீட்டுக்குப் போற மாதிரி போயிட்டு வர்ற நீ, மனநலப் பிரிவுன்னு போர்டைப் பார்த்தா மட்டும் தலையைத் திருப்பிக்கிறே.

வர்ற செவ்வாக்கெழம ஆபீசுக்கு லீவு சொல்லு. தாத்தாவுக்கு முட்டி வலி, தொணைக்கு ஆள் இல்லன்னு சொல்லு, பொய்யும் இல்ல. முட்டிக்கு நான் சீட்டு வாங்கிக்கிறேன், ஒனக்கு நீ வாங்கிக்கோ. தெரிஞ்சவன் எவனாவது அந்தப் பிரிவு வாசல்ல பார்த்துட்டா, கெழவனுக்குப் புத்தி பெசகிப்போச்சு, அதான் கூட்டியாந்தேன்னு என்னைக் காட்டிவுடு. நானும் அவனைப் பார்த்து நல்லாப் பல்லைக் காட்டுறேன். டிபன் செலவு மட்டும் ஒன்னுது, எனக்கு ரெண்டு வடை.