நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை?

எங்கள் வீட்டுக் கலகத்துக்கு மூலகாரணம், பெல்ஜியத்து உளவியல் பேராசிரியர் மார்க் பிரிஸ்பேர்ட். ஆங்கிலம் படிக்கும் பெரியவர்கள் மனத்துக்குள் படித்தால் நிமிஷத்துக்குச் சராசரி, கதையல்லாதவை என்றால் 238 வார்த்தை, கதையென்றால் 260, வாய்விட்டுப் படித்தால் 183 என்று, பல ஆய்வுகளை அலசி 2019-இல் கணக்குச் சொல்லிவிட்டார். இது அக்கா மகனின் கண்ணில் பட்டுத் தொலைத்தது. செல்போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து வைத்துக்கொண்டு, "மாமா, ரெடியா?" என்றான்.

தமிழில் சோதனை என்றதும் தகராறு தொடங்கியது. 'வந்துவிட்டான்' ஒரு வார்த்தையா, இரண்டா? பிரித்தால் என் வேகம் கூடும்; சேர்த்தால் குறையும். நான் உடனே பிரித்தெழுதும் கட்சியில் சேர்ந்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான மாமனார் எதிர்க்கட்சி.

படிக்கும்போது கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லையாம். டவுன் பஸ் மாதிரி, நிறுத்தத்துக்கு நிறுத்தம் சுமார் கால் விநாடி நின்றுதான் கிளம்பும். புரியாவிட்டால் ரிவர்ஸும் எடுக்கும். பக்கத்தின் மேல் கையை ஓட்டிக்கொண்டே படித்தால் பறக்கலாம் என்று அமெரிக்காவில் ஈவ்லின் வுட் 1959-இல் வகுப்பு தொடங்கினார். வெள்ளை மாளிகை ஊழியர்கள்கூடப் போய்க் கற்றார்கள். வேகம் ஏற ஏறப் புரிவது இறங்குகிறது என்று பிற்பாடு ஆய்வாளர்கள் கண்டார்கள்.

என் மனைவி எந்த வகுப்புக்கும் போனவளில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால், பிரித்த கையோடு அதில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். முகூர்த்தம், மண்டபமெல்லாம் அப்புறம். அச்சடிக்காத பெயரைப் படிக்கும் வேகத்தை எந்த ஸ்டாப்வாட்சால் அளப்பது?

நானும் இளைத்தவனில்லை. வீட்டுக் கடன் பத்திரம் தலையணை கனம். பென்சிலில் பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களை மட்டும் படித்து, காபி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டு முடித்தேன். அதே நான், மகனின் மார்க் ஷீட்டில் கணக்குப் பாடத்துக்கு எதிரே உள்ள ஒரே ஓர் எண்ணை எழுத்துக்கூட்டி, திருப்பிப் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி, வெகுநேரம் படித்தேன். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் நான் பெல்ஜியத்துக்காரர் கணக்கில் கச்சிதமாகப் பொருந்திவிடுவேன்.

மாமனார் மட்டும் சிக்கவில்லை. காலைப் பேப்பரை, டெண்டர் விளம்பரம், இரங்கல் செய்தி, கடைசிப் பக்கத்தடியில் அச்சிடுபவர் முகவரி வரை விடாமல் படித்து, விளக்கு வைக்கும் நேரத்துக்கு மடித்து வைப்பவர்.

"தாத்தா, உங்க வேகம் ரொம்பக் கம்மி!"

"ஏண்டா, காலையிலேயே படிச்சு முடிச்சிட்டா, உங்க பாட்டி கடைக்குப் போகச் சொல்லமாட்டாளா?"