இன்னும் ஒரு வின்ரர் தாங்கும்

ரொறொன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவிலும், அதற்கு அப்பாலுள்ள மார்க்கம், ஏஜாக்ஸ் நகரங்களிலும் சொந்த வீடு வாங்கிக் குடியேறிய ஈழத்தமிழரிடையே தனியாக ஆராயத்தக்க ஒரு பிரிவினர் உண்டு. வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் முனகிக்கொண்டு நிற்கும் பழைய ஃபர்னஸைத் திருத்துவதா, மாற்றுவதா என்ற கேள்வியை ஆண்டுதோறும் ஐப்பசியில் எழுப்பி, ஆண்டுதோறும் ‘இன்னும் ஒரு வின்ரர் தாங்கும்’ என்று தீர்ப்பளித்துக் கோப்பை மூடிவிடும் குடும்பத்தலைவர்களே அவர்கள். வசதிக்காக அவர்களைத் தாங்கும் கட்சியினர் எனலாம்.

ஃபர்னஸ் என்பது இயற்கை எரிவாயுவை எரித்துக் காற்றைச் சூடாக்கித் தகரக் குழாய்கள் வழியே வீடெங்கும் அனுப்பும் இயந்திரம். சுவரிலுள்ள வெப்பக் கட்டுப்படுத்தி கட்டளையிட்டதும், புகையை வெளியே இழுக்கும் சிறு விசிறி முதலில் சுழன்று, பிறகு எரியூட்டி செந்தணலாகச் சிவந்து, அதன் பின்னரே வாயு திறந்து தீப்பற்றும்; பற்றியது உண்மைதானா என்று சரிபார்ப்பதற்காகச் சுடருக்குள் நீட்டியிருக்கும் மெல்லிய கம்பிக்குச் சுடர் உணரி என்று பெயர். இக்கம்பியில் அழுக்குப் படிந்தால், தீ நன்றாக எரிந்துகொண்டிருந்தாலும் எரியவில்லை என்று கருதி இயந்திரம் சில நொடிகளில் வாயுவை அடைத்துவிடும். கட்சியினரின் தொழில்நுட்ப அறிவு முழுவதும் இந்தக் கம்பியில் தொடங்கி இந்தக் கம்பியிலேயே முடிகிறது. என்றோ ஒரு மாசி மாத இரவில் கட்சிக்காரர் ஒருவர் யூடியூப் பார்த்து, மின்சாரத்தை நிறுத்தி, ஒற்றைத் திருகாணியைக் கழற்றி, சட்டி தேய்க்கும் கம்பிப் பஞ்சால் உணரியை உரசி மீண்டும் பூட்டியபோது வீடு சூடேறியது. அன்றுமுதல் அவர் வீட்டுக்கு வரும் விருந்தினர் தேநீருக்கு முன்பாகக் கீழ்த்தளத்துக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர்.

பரிசோதிக்க வரும் தொழில்நுட்பர் தமிழராக அமைந்துவிட்டால் உரையாடல் பெரும்பாலும் ஒரே வடிவில் நிகழும். “அண்ணை, உது இனிச் சரிவராது, புதுசு ஒண்டு போடுங்கோ” என்பார் அவர். “தம்பி, போன கிழமைவரைக்கும் நல்லாத்தானே எரிஞ்சது” என்பது விடை. தொழிலில் வழங்கும் ஒரு கைக்கணக்கின்படி, இயந்திரத்தின் வயதைத் திருத்தச் செலவால் பெருக்கி வரும் தொகை 5,000 டொலரைத் தாண்டினால் மாற்றிவிடுவதே நன்று. 22 வயது இயந்திரத்துக்கு 300 டொலர் திருத்தச் செலவு என்றால் பெருக்குத்தொகை 6,600 ஆகும். கட்சியினர் இக்கணக்கை மறுப்பதில்லை. வயதை மட்டும் தாம் வீடு வாங்கிய நாளிலிருந்து எண்ணுகின்றனர். ஆகவே 12 வயது, 3,600 டொலர், இன்னும் ஒரு வின்ரர்.

எனினும் கட்சிக்காரரை வெறும் கஞ்சராகக் கருதுவது நியாயமன்று. எரிக்கும் வாயுவில் எத்தனை விழுக்காடு வீட்டுக்கு வெப்பமாகச் சேர்கிறது என்ற ஆண்டுத் திறன் அளவு பழைய இயந்திரங்களில் 80 அளவில் இருக்க, 2019 ஜூலை முதல் கனடாவில் புதியவற்றுக்கு 95 கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் சூடாக்க ஆண்டுக்கு 1,200 டொலர் செலவிடும் வீட்டில் இதனால் மிஞ்சுவது ஏறக்குறைய 190 டொலரே. ஐயாயிரம், ஆறாயிரம் கொடுத்து வாங்கிய இயந்திரம் அப்பணத்தை ஈட்டித் தருமுன் அதுவே கிழடாகிவிடும். விற்பனையாளர்மீது அவர் கொண்ட ஐயத்துக்கும் ஆதாரம் உண்டு: அழைக்காமல் கதவைத் தட்டி ஃபர்னஸ் ஒப்பந்தம் எழுதுவதை ஒன்ராறியோ அரசு 2018 மார்ச் 1 முதல் தடைசெய்ய நேர்ந்ததே அத்தொழிலின் நடத்தைக்குப் போதிய சான்றாகும்.

இத்தனை வாதங்களும் பயனற்றுப்போகும் இடம் ஒன்றே. சுடரும் வீட்டுக் காற்றும் கலக்காதவாறு நடுவே நிற்கும் உலோகச் சுவருக்கு வெப்பப் பரிமாற்றி என்று பெயர். அதில் வெடிப்பு விழுந்தால் மணமோ நிறமோ அற்ற கார்பன் மொனாக்சைட்டு வீட்டுக்குள் வரக்கூடும். அந்த வெடிப்பைக் கண்ட தொழில்நுட்பர் அண்ணை தம்பி உறவையெல்லாம் மறந்து சிவப்பு அட்டையைக் கட்டி வாயுவை நிறுத்திவிடுவார். இது எப்போதும் தை மாதத்தில், வெளியே சுழியத்துக்குக் கீழே 20 பாகை இருக்கும் இரவில், கீழ்த்தள வாடகைக்காரர் மேலங்கியோடு படியேறி வந்து நிற்கும் வேளையிலேயே நிகழ்கிறது. ஐப்பசியில் மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டுப் பேரம் பேசியிருக்கக்கூடியவர், அப்போது சொன்ன விலைக்கு ஒரே மணிநேரத்தில் கையெழுத்திடுகிறார். மறுவாரமே பழைய ஃபர்னஸ் வைத்திருக்கும் நண்பர்களைக் கண்டு இரங்கவும் தொடங்குகிறார்.

எரிபொருள் எரியும் வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மொனாக்சைட்டு எச்சரிக்கைக் கருவி இருக்கவேண்டும் என்பது 2014 முதல் ஒன்ராறியோவில் சட்டம். ஃபர்னஸ் விடயத்தில் எக்கட்சியைச் சார்ந்தவராயினும், அக்கருவியின் பற்றரி இன்னும் ஒரு வின்ரர் தாங்கும் என்று மட்டும் எவரும் நம்பியிருக்கவேண்டாம்.