மொட்டைத் தலைக்கும் முப்பத்தோர் எழுத்துக்கும் முடிச்சு

ஜப்பானிய வீடுகளில் குழந்தைகள் கையில் அதிகம் புழங்கும் கவிதைத் தொகை 'ஹியாக்குநின் இஷ்ஷு'. நூறு புலவர்கள், ஆளுக்கொரு பாட்டு, பாட்டுக்கு 31 எழுத்து. 13ஆம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ தெய்க்கா தொகுத்தது என்பது மரபு. இதன் யாப்பையும் பாடபேதங்களையும் பற்றி அறிஞர்கள் எழுதிக் குவித்துவிட்டார்கள். ஆனால் ஐந்து வயது வாசகர் இதில் முதலில் கவனிக்கும் இலக்கியக் கூறு, புலவரின் தலையில் முடி இருக்கிறதா என்பதே. அது உரிய கவனம் பெறாதது வருந்தத்தக்கது.

ஆய்வுக் களம், புத்தாண்டு விடுமுறையில் தத்தாமிப் பாய் விரித்த கூடம். அங்கே இந்நூல் சீட்டுக்கட்டாக வந்து சேர்கிறது. வாசிக்கும் சீட்டு 100. அவற்றில் புலவரின் படமும் முழுப் பாட்டும் இருக்கும். எடுக்கும் சீட்டு 100. அவற்றில் பாட்டின் கடைசி இரண்டு அடி மட்டும். ஒருவர் பாட்டைத் தொடக்கத்திலிருந்து வாசிக்க, மற்றவர்கள் அதன் பின்பாதியைத் தேடிப் பாய்வார்கள். பாட்டு மனப்பாடமாக இல்லாதவர் வேடிக்கை பார்க்கலாம்.

எழுத்தே தெரியாத சிறுசுகளுக்கு 'போஸு மெகுரி' இருக்கிறது. படச் சீட்டுகளைக் கவிழ்த்து அடுக்கி ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். பிரபு வந்தால் சீட்டு கையில் தங்கும். மொட்டைத் துறவி வந்தாலோ அதுவரை சேர்த்த அத்தனையும் நடுவில் கொட்டியாக வேண்டும். சீமாட்டி வந்தால் நடுவில் கிடப்பதெல்லாம் புரட்டியவருக்கு. பிரபுக்கள் 66, சீமாட்டிகள் 21, துறவிகள் 13. 'கெஞ்சியின் கதை' எழுதிய முராசாகி ஷிக்கிபு தன் நாட்குறிப்பில் சக எழுத்தாளர் சேய் ஷோனகோனைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். விமர்சகர்கள் இன்னும் தீர்க்காத அந்த வழக்கைக் குழந்தைகள் எப்போதோ முடித்துவிட்டார்கள். இருவருமே கட்டில் உள்ள சீமாட்டிகள், குவியலை அள்ளித் தருபவர்கள். ஆகவே சம மதிப்பு.

13 என்ற எண்ணிக்கையில் ஒரு சிக்கல் உண்டு. 10ஆம் பாட்டின் செமிமாரு, பல கட்டுகளில் தலையை மூடிக்கொண்டு காட்சி தருகிறார். உள்ளே மொட்டையா, இல்லையா? சில வீடுகளில் அவர் சாதாரணத் துறவி. சில வீடுகளில் அவர் வந்தால் எல்லோருமே கைச்சீட்டைக் கொட்ட வேண்டும். மூலபாட ஆராய்ச்சி இங்கே உதவாது. வீட்டில் மூத்தவர் சொல்வதே தீர்ப்பு.

இதைவிடக் கடுமையான முறைகேடு ஒன்றை இவ்வாய்வு அம்பலப்படுத்துகிறது. தெய்க்கா 1233இல் தலைமழித்துத் துறவு பூண்டவர். 1235இல் அவரிடம் சாகா மாளிகையின் கதவுகளில் ஒட்டும் தாள்களுக்குப் பாட்டு எழுதித் தரச் சொன்ன சம்பந்தி உத்சுனோமியா யோரித்சுனாவும் மொட்டைதான். ஆனால் 97ஆம் சீட்டில் தெய்க்கா அரசவைத் தொப்பியோடு, கௌரவமாக, ஆபத்தில்லாத பிரபுவாக அமர்ந்திருக்கிறார். மற்ற துறவிகளைத் தொலைத்துக் கட்டும் விதி தொகுப்பாசிரியரைத் தொடவில்லை. தொகுப்பாசிரியர்கள் தம்மைக் கவனித்துக்கொள்வது புதிதல்ல என்றாலும், இது கொஞ்சம் அதிகம்.

பாட்டின் பொருள்? நூற்றில் 43 காதல் பாட்டுகள். தெய்க்காவின் பாட்டே, வராத ஆணுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் குரலில் அமைந்தது. "யாருக்காகக் காத்திருக்கிறார்?" என்று பிள்ளை கேட்டால், அடுத்த சீட்டைச் சற்று உரக்க வாசிப்பதே பெற்றோருக்கு நல்ல உரைமரபு. அரசியல்வாதிகளுக்கு இந்தச் சாதுரியம் கைவரவில்லை. போர்க்காலத்தில், 1942இல், காதலுக்கு இடமில்லாத 'தேசபக்தி ஹியாக்குநின் இஷ்ஷு' ஒன்று தயாராகி, சீட்டுக்கட்டாகவும் வந்தது. போர் முடிந்ததும் அதன் ஆட்டமும் முடிந்தது. வராத காதலனோ இன்றும் கூடத்துக்கு வந்துகொண்டிருக்கிறான்.

இனி முதன்மைக் கண்டுபிடிப்பு. 1904இல் பத்திரிகையாளர் குரோய்வா ருய்க்கோ விதிகளைச் சீர்செய்த போட்டி ஆட்டத்தில் வேகமே எல்லாம். 'அ'வில் தொடங்கும் பாட்டுகள் 16. அவற்றுக்கு அடுத்தடுத்த எழுத்துகளையும் கேட்டுக் காத்திருக்க வேண்டும். ஆனால் 'மு, சு, மே, ஃபு, ச, ஹோ, செ' என்ற ஏழு எழுத்துகளில் தலைக்கு ஒரே பாட்டுதான். அந்த எழுத்து காதில் விழுந்த கணமே கை பாயலாம். முதல் பாட்டுக்காரரான தென்ஜி பேரரசருக்குரிய ஓத்சு நகரத்து ஓமி ஆலயத்தில் ஜனவரிதோறும் பட்டத்துக்கு மோதுபவர்கள் இந்த ஏழுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த ஏழில் இரண்டு, 'மு'வும் 'ச'வும், யாருடையவை? துறவிகள் ஜாக்குரென், ரியோசென் ஆகியோருடையவை. ஐந்து வயதில் கைச்சீட்டை மொத்தமாகப் பறித்த அதே மொட்டைத் தலைகள்! வாசிப்பவர் 'மு' என்று வாய் திறந்ததும் அக்காவின் கை பாய்ந்து சீட்டைத் தட்டிவிடுகிறது; வாசிப்பவரின் தோள்வழியே படத்தை எட்டிப் பார்த்த தம்பி, "அக்கா, மொட்டை! எல்லாத்தையும் நடுவில் போடு!" என்கிறான்.