செல்சி கணக்குப் பிரிவுக்கு ஒரு பாராட்டு மனு

பெறுநர்:
உயர்திரு தலைமைக் கணக்கர் அவர்கள்,
செல்சி கால்பந்து கிளப்,
ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ், லண்டன்.

பொருள்: காப்ஹம் இளைஞர் அகாடமியின் பயன் குறித்துப் பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

பெரிய கிளப்புக்கு எதற்கு அகாடமி, காசு இருந்தால் ஆளை வாங்கிவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கால்பந்து தெரிந்திருக்கலாம், கணக்கு தெரியாது. அதனால்தான் பயிற்சியாளருக்கு எழுதாமல் தங்களுக்கு எழுதுகிறேன். (பயிற்சியாளருக்கு எழுதினால் கடிதம் போய்ச் சேருவதற்குள் ஆள் மாறிவிடுகிறார் என்பது இன்னொரு காரணம்.)

மேசன் மவுன்ட் ஆறு வயதில் காப்ஹம் வந்தவர். 2021 மே மாதம் போர்ட்டோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், மான்செஸ்டர் சிட்டியின் தடுப்பு வரிசையைப் பிளந்து காய் ஹாவெர்ட்ஸுக்கு அவர் கொடுத்த பந்தில்தான் ஆட்டத்தின் ஒரே கோல் விழுந்தது. ரசிகர்கள் அழுதார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பாவம், அறியாதவர்கள். அந்தப் பையனின் உண்மையான அருமை 2023 ஜூலையில் அவரை 5.5 கோடிப் பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட்டிடம் கொடுத்தபோதுதான் தங்கள் பேரேட்டில் ஏறியது.

எவ்வளவு அழகான ஏற்பாடு! அப்போதைய பிரீமியர் லீக் விதிப்படி, ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் 10.5 கோடிப் பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது. வெளியிலிருந்து வாங்கிய ஆட்டக்காரரின் விலையை ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து, ஆண்டுக்கு ஒரு பங்காகச் செலவெழுதலாம். என்சோ ஃபெர்னாண்டஸை 10 கோடிக்கு மேல் கொடுத்து வாங்கி, எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டீர்கள். அந்த வகுத்தலைப் பார்த்து மிரண்டுபோய்த்தான் ஐந்து ஆண்டுக்கு மேல் வகுக்கக் கூடாது என்று பின்னால் விதியைத் திருத்தினார்கள். வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கோ வாங்கிய விலையே இல்லை. ஏட்டு மதிப்பு பூஜ்யம். விற்ற காசு முழுவதும் அந்த ஆண்டின் லாபம். போதாக்குறைக்கு, அகாடமிக்கு ஆன செலவை நஷ்டக் கணக்கிலிருந்து கழிக்கவும் அந்த விதி இடம் கொடுத்தது. தீனிச் செலவு எழுத வேண்டாம், சந்தையில் விற்ற பணத்தை மட்டும் எழுதினால் போதும் என்றால் எந்த ஆட்டுக்காரர்தான் கிடாயை வீட்டில் வைத்திருப்பார்?

கானர் கேலகர் விவகாரத்தில் தாங்கள் காட்டிய நேர்த்தியை நினைத்து நினைத்து வியக்கிறேன். எட்டு வயதில் வந்தவர். 2023-24 பருவத்தில் 50 ஆட்டம் ஆடினார். கேப்டன் ரீஸ் ஜேம்ஸ் காயத்தில் கிடக்க, பல ஆட்டங்களில் கேப்டன் பட்டையைக் கட்டிக்கொண்டு ஓடியவரும் அவரே. 2024 ஆகஸ்டில் அவரை அத்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து ஜோவாவ் ஃபெலிக்ஸைக் கொண்டுவந்தீர்கள். மைதானத்தில் பார்த்தால் ஒருவர் போனார், ஒருவர் வந்தார். ஏட்டில் பார்த்தால் போனவர் முழு லாபம், வந்தவர் பல ஆண்டுத் தவணை. ஆறு மாதம் முடிவதற்குள் ஃபெலிக்ஸ் இரவலாக மிலானுக்குப் போய்விட்டார் என்பதெல்லாம் கால்பந்துப் பிரிவின் கவலை, தங்கள் கவலை இல்லை.

அகாடமிப் பையன்களை ஆட வைத்தால் என்ன ஆகும் என்ற விபரீதப் பரிசோதனையும் ஒருமுறை நடந்தது. வெளிநாட்டுச் சிறுவர்களைச் சேர்த்ததில் விதிமீறல் என்று 2019-இல் ஃபிஃபா தடை போட்டதால், புது ஆட்களை வாங்க வழியில்லை. அப்போதைய பயிற்சியாளர் ஃபிராங்க் லம்பார்டு வேறு கதியின்றி மவுன்ட், டேமி ஆபிரகாம், டொமோரி, ஜேம்ஸ் என்று இறக்கினார். அணி நான்காம் இடம் பிடித்துத் தொலைத்தது. நல்லவேளை, 2021-இலேயே டொமோரி மிலானுக்கும் ஆபிரகாம் ரோமாவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அதே கோடையில் கிரிஸ்டல் பேலஸுக்கு விற்ற மார்க் கேஹி, 2025-இல் கேப்டனாக அந்தக் கிளப்பின் முதல் எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கினார். கோப்பைக்கு ஏட்டு மதிப்பு உண்டா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

தங்கள் துறை வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. டெக்லன் ரைஸ். 14 வயதில் வேண்டாம் என்று சும்மா அனுப்பிவிட்டீர்கள். வெஸ்ட் ஹாம் எடுத்து வளர்த்து, 2023-இல் ஆர்சனலுக்கு 10 கோடிப் பவுண்டுக்கு விற்றது, மேற்கொண்டு 50 லட்சத்துக்கு வாய்ப்பும் வைத்துக்கொண்டு. நல்ல ஆட்டக்காரரை இழந்ததற்கு வருந்தத் தேவையில்லை, அது தங்களுக்குப் பழகிய விஷயம். பில் போடாமல் இழந்தீர்களே!

தாங்கள் மட்டுமே இப்படி என்று சொல்ல மாட்டேன். 2024 ஜூன் 30-இல் கணக்கு முடிகிறது என்றதும், தங்கள் அகாடமிப் பையன் மாட்சனை ஆஸ்டன் வில்லாவுக்குக் கொடுத்து, அவர்களுடைய இளம் கெலிமனை வாங்கிக்கொண்டீர்கள். கைகுலுக்க அந்தப் பக்கமும் ஒரு கணக்கர் இருந்திருக்கிறார். விதி எழுதியவர்கள் வீண்செலவைத் தடுக்க நினைத்தார்கள். தடுக்கப்பட்டது வீட்டுப் பிள்ளை வீட்டிலேயே இருப்பதுதான்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். 2025 ஜூலையில் பாரிஸ் செயின்ட் ஜெர்மெயினை 3-0 என்று சாய்த்து கிளப் உலகக் கோப்பையை வென்ற இறுதியாட்டத்தில், முதல் பதினொருவரில் காப்ஹம் பிள்ளைகள் மூவர் இருந்தார்கள்: ஜேம்ஸ், லீவை கோல்வில், ட்ரெவோ சலோபா. இவர்களில் சலோபாவை முந்தைய ஆண்டு அமெரிக்கப் பயணத்துக்குக்கூட அழைத்துப் போகாமல், பேலஸுக்கு இரவல் கொடுத்து, தடுப்பில் ஆள் தட்டுப்பாடு வந்ததும் ஜனவரியில் திரும்பக் கூப்பிட்டீர்கள். கிளப்புக்குச் சொந்தமான இரண்டு ஓட்டல்களைச் சகோதர நிறுவனத்துக்கே 7.65 கோடிப் பவுண்டுக்கு விற்றுக் காட்டிய மூளை தங்களுடையது. பெண்கள் அணியையும் அப்படியே தாய் நிறுவனத்துக்குக் கைமாற்றினீர்கள். அடுத்த ஜூன் மாதம் பணம் குறைந்தால், இந்த மூவர்மீது கை வைக்குமுன், விற்க இன்னும் ஏதாவது கட்டடம் மிச்சமிருக்கிறதா என்று தயவுசெய்து ஒருமுறை பார்க்கவும்.

இப்படிக்கு,
கணக்கில் என்றும் தேறாத ஒரு ரசிகன்