கூலிக்கு நெய்வதும் கூலிக்குப் பறப்பதும்

கேள்வி: சரக்கு விமானத்தை வெளிக்கம்பெனி விமானிகளிடம் விடக் கூடாதென்று அமெரிக்க விமானிகள் சங்கங்கள் ஏன் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகின்றன?
– வாசகர், பல்லடம்

பதில்: பல்லடத்துக்காரருக்கா இது தெரியாதுங்க! கூலிக்கு நெய்யும் விசைத்தறியில் பாவும் ஊடையும் ஜவுளி உற்பத்தியாளருடையது. தறியும் கரண்ட் பில்லும் உங்களுடையது. 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23, மற்ற ரகங்களுக்கு 20 சதவீதக் கூலி உயர்வு பேசி முடித்தார்கள். கைக்கு வரவில்லை; 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் நின்றன.

பேசி வாங்கியது கையில் நிற்காதோ என்கிற பயம்தான் விமானிக்கும். சம்பளம் உயர்ந்த கையோடு, பறக்கும் வேலையே குறைந்த கூலிக்காரரிடம் போய்விட்டால்? அதனால்தான் சம்பளத்தோடு, வேலை யாருடையது என்பதையும் எழுதி வாங்குகிறார்கள்.

2025 மார்ச்சில் தறிகள் மறுபடி நின்றபோது விசைத்தறியாளர்கள் கேட்டதும் சட்டப் பாதுகாப்புள்ள கூலி ஒப்பந்தம்தான். அரசு அதைச் செய்து தர வேண்டும்.